பொம்மைக்குக் குத்தகை, பாடுபட்டவனுக்கு என்ன?

அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. நிலத்துக்காக நடந்த வழக்கு அல்ல. ஆலைக்காக நடந்த வழக்கும் அல்ல. சிவப்பு உரோமமும் உருண்டை மூக்கும் கொண்ட எல்மோ என்ற ஒரு பொம்மைக்காகவும் அதன் கூட்டாளிப் பொம்மைகளுக்காகவும் நடந்த வழக்கு.

ஒரு பக்கம், ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் டெலிவிஷன் நிகழ்ச்சியை நடத்தும் செசமி வொர்க்‌ஷாப் என்ற ஸ்தாபனம். மறு பக்கம், அந்தப் பொம்மைகளை வைத்துப் பொழுதுபோக்குப் பூங்கா நடத்தும் சீவேர்ல்டு கம்பெனி. பொம்மைகளை உபயோகித்ததற்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் கம்பெனி கொடுக்கவில்லை என்பது பிராது. மத்தியஸ்தர் விசாரித்தார். 2023ல், ஒரு கோடி டாலருக்கும் மேல் கம்பெனி கட்டியாக வேண்டும் என்று முடிவாயிற்று.

ஒரு கோடி டாலர்! பஞ்சும் துணியுமான பொம்மையின் முகத்துக்கும் பேருக்கும்!

தோழர்களே, இது ஏதோ பணக்கார தேசத்துப் பிள்ளை விளையாட்டு, நமக்கென்ன என்று தள்ளிவிடத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தறிச் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்று காது அடைத்து வருகிறவனுக்கும், நடவு வயலில் இடுப்பொடியக் குனிந்து வருகிறவளுக்கும் இந்த எல்மோவால் ஆகப்போவது என்ன? ஆனால் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தால், உள்ளே இருப்பது நாம் தலைமுறை தலைமுறையாக அறிந்த சங்கதிதான். அதன் பேர் குத்தகை.

புது மாதிரிக் குத்தகை

டெலிவிஷனில் வரும் ஒரு பாத்திரத்தின் உருவம், பேர், குரல் எல்லாம் சட்டப்படி ஒருவருக்குச் சொந்தம். வேறொருவன் தன் பூங்காவில் அந்தப் பாத்திரத்தை நடமாட விட வேண்டுமானால், ராட்டினத்துக்கு அதன் பேரை வைக்க வேண்டுமானால், சொந்தக்காரனிடம் அனுமதி வாங்க வேண்டும். இதற்கு லைசென்ஸ் என்று பேர். ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம். அது போக, அந்த உருவம் போட்ட பொம்மை, பனியன், தின்பண்டம், அதை வைத்து நடத்தும் விழா ஆகியவற்றின் வருமானத்திலும் ஒரு பங்கு. இந்தப் பங்குக்கு ராயல்டி என்று பேர்.

ரொக்கக் குத்தகையும் வாரமும் சேர்த்து வாங்குவது என்று நம் விவசாயத் தோழர்களுக்குச் சொன்னால் சட்டென்று விளங்கும். தவணையும் உண்டு. செசமி வொர்க்‌ஷாப்பும் சீவேர்ல்டும் 2017ல் செய்துகொண்ட ஒப்பந்தம் 2031 டிசம்பர் 31 வரை போகிறது. அதுவரை அமெரிக்காவில் இந்தப் பொம்மைகளை வைத்து வேறு எவனும் பூங்கா நடத்த முடியாது.

ஆனால் நிலக் குத்தகைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைக் கவனிக்க வேண்டும். ஒரே வயலை ஒரே போகத்தில் இரண்டு பேருக்குக் குத்தகைக்கு விட முடியாது. பொம்மையை விடலாம். இரண்டு பேருக்கு அல்ல, இருநூறு பேருக்கு விடலாம். பூங்காவுக்கு ஒருவன், பிஸ்கட்டுக்கு ஒருவன், புத்தகப் பைக்கு ஒருவன், பல் துலக்கும் பசைக்கு ஒருவன் என்று ஒரே நாளில் ஒரே முகத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வயலுக்கு எரு வேண்டும், தண்ணீர் வேண்டும். பொம்மையின் உருவத்துக்கு ஒன்றும் வேண்டாம். அதற்கு மூப்பும் இல்லை, சாவும் இல்லை. நிலப்பிரபு கனவிலும் கண்டிராத நிலம் இது!

இந்த நிலம் கை மாறும் விதமும் விசித்திரமானது. ‘சிம்ப்ஸன்ஸ்’ என்று ஒரு டெலிவிஷன் சித்திரத் தொடர். ஃபாக்ஸ் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. அதன் பாத்திரங்களை லைசென்ஸில் வாங்கி, யூனிவர்சல் கம்பெனி 2008ல் தன் பூங்காக்களில் ஒரு சவாரி அமைத்தது. 2019ல் ஃபாக்ஸின் பெரும்பகுதியை 7,130 கோடி டாலருக்கு டிஸ்னி கம்பெனி வாங்கிவிட்டது. யூனிவர்சலுக்கு டிஸ்னிதான் ஜென்மப் போட்டி. ஆக, யூனிவர்சலின் பூங்காவுக்குள்ளேயே டிஸ்னியின் சொத்து உட்கார்ந்துகொண்டது! அந்தத் தொடரைத் தீட்டிய சித்திரக்காரர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? குரல் கொடுத்தவர்களைக் கேட்டார்களா? பண்ணை விலை போகும்போது பண்ணையாளைக் கேட்கிற வழக்கம் உண்டா என்ன?

விதைத்தது யார்?

சரி, செசமி பொம்மைகளின் கதைக்கு வருவோம். இந்த நிலத்தைத் திருத்தியது யார், விதைத்தது யார் என்று பார்க்க வேண்டும்.

1966ல் ஜோன் கான்ஸ் கூனி என்ற டெலிவிஷன் தயாரிப்பாளரும், கார்னகி ஸ்தாபனத்தைச் சேர்ந்த லாயிட் மாரிசெட் என்பவரும் ஒரு யோசனை செய்தார்கள். பெரிய நகரங்களின் ஏழைப் பேட்டைகளில் பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் தெரியாமல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். முதல் வகுப்பிலேயே பின்தங்கிவிடுகிறார்கள். வீட்டில் டெலிவிஷன் பெட்டி மட்டும் இருக்கிறது. மிட்டாய் விற்பதற்கு உபயோகப்படும் பெட்டியை எழுத்துச் சொல்லிக் கொடுக்க உபயோகித்தால் என்ன? யோசனை நல்ல யோசனை. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 1969 நவம்பர் 10ந் தேதி செசமி ஸ்ட்ரீட் முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தெருவில் அண்டை வீட்டாராக வாழும் காட்சியை அமெரிக்கப் பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள்.

ஆரம்பச் செலவு சுமார் 80 லட்சம் டாலர். ஏறத்தாழ பாதி அமெரிக்க சர்க்கார் கொடுத்தது; அதாவது ஜனங்களின் வரிப்பணம். மீதியில் பெரும்பகுதி கார்னகி, ஃபோர்டு தர்ம ஸ்தாபனங்கள் கொடுத்தவை. அந்தத் தர்மப் பணம் எங்கிருந்து வந்தது? ஃபோர்டின் பணம் மோட்டார் தொழிற்சாலையில் நின்றவனின் வேர்வை. கார்னகியின் பணம் எஃகு உலையின் முன்னே வெந்தவனின் வேர்வை. 1892ல் பென்சில்வேனியா மாகாணத்து ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் தொழிலாளிகள் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றபோது, அவர்கள்மீது துப்பாக்கி ஏந்திய கூலிப்படையை ஏவியது இதே கார்னகியின் கம்பெனிதான். ஆக, சர்க்கார் பணமானாலும் தர்மப் பணமானாலும் ஊற்றுக்கண் ஒன்றுதான். உழைக்கும் ஜனங்கள்!

பொம்மைகளுக்கு உயிர் கொடுத்ததும் உழைப்புதான். ஜிம் ஹென்ஸன் என்ற பொம்மலாட்டக் கலைஞரும் அவருடைய கூட்டத்தாரும் அவற்றைச் செய்தார்கள். எட்டடி உயர மஞ்சள் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளே 1969 முதல் 2015 வரை கரோல் ஸ்பின்னி என்ற கலைஞர் இருந்தார். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பறவையின் அலகை அசைக்க வேண்டும். வெளியே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மார்பில் கட்டிய சிறிய டெலிவிஷன் பெட்டியைப் பார்த்துத்தான் நடமாட வேண்டும். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தூக்கிய கை அது!

இத்தனைக்கும் மேலே, பிள்ளைகளின் பாசம். அது இல்லாவிட்டால் எல்மோ வெறும் சிவப்புத் துணி. எந்தக் கம்பெனியும் அதற்குக் காலணாக் கொடுக்காது. வரிப்பணம், கலைத் தொழிலாளியின் கை, ஏழைப் பிள்ளையின் பாசம் – இந்த மூன்று உரத்தில் விளைந்த பயிர் இது.

களத்தில் அளந்தது யார்?

1980ல் பென்சில்வேனியா மாகாணத்தில் லாங்ஹார்ன் என்ற இடத்தில் ‘செசமி பிளேஸ்’ என்ற பூங்கா திறக்கப்பட்டது. நிகழ்ச்சி நடத்தும் ஸ்தாபனத்தோடு கூட்டுச் சேர்ந்தது யார் தெரியுமா? ஆன்ஹைசர் புஷ் என்ற பீர் கம்பெனி! பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொம்மைக்குக் கள்ளுக்கடைக்காரன் காவல்!

2008ல் அந்தப் பீர் கம்பெனியை ஐரோப்பாவின் இன்பெவ் என்ற பெரிய பீர் கம்பெனி விழுங்கியது. வாங்கிய கடனை அடைக்க வேண்டாமா? 2009ல் பூங்காக்களை எல்லாம் மொத்தமாக பிளாக்ஸ்டோன் என்ற நிதி முதலாளிகளுக்கு விற்றார்கள். ரொக்கம் மட்டும் 230 கோடி டாலர். பிளாக்ஸ்டோன்காரர்கள் ராட்டினம் சுற்றுகிறவர்களா, பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடுகிறவர்களா? இல்லை. கம்பெனிகளை வாங்கி விற்பதே அவர்கள் தொழில். 2013ல் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்து காசாக்கினார்கள்.

பொம்மைகளின் கதி இன்னும் வேடிக்கை. ஹென்ஸன் 1990ல் காலமானார். 2000ல் அவருடைய கம்பெனியை ஈ.எம். டி.வி. என்ற ஜெர்மன் கம்பெனி 68 கோடி டாலருக்கு வாங்கியது. செசமி பொம்மைகளின் உரிமையும் அதோடு போயிற்று. நிகழ்ச்சி நடத்தும் ஸ்தாபனம் பதறிப்போய், அதே வருஷத்தின் கடைசியில் அந்த உரிமையையும், ஒரு டெலிவிஷன் நிலையத்தில் இருந்த சிறு பங்கையும் சேர்த்து 18 கோடி டாலர் கொடுத்து மீட்டது. முப்பது வருஷம் தான் சீராட்டி வளர்த்த பொம்மையை, ஒரு பாட்டுக்கூட எழுதாத ஒருவனிடமிருந்து தானே விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று! அந்த 18 கோடியை எங்கே எடுப்பது? மறுபடியும் பொம்மையைத்தான் வாடகைக்கு விட வேண்டும்.

இப்படித்தான் சக்கரம் சுழல்கிறது. நல்ல எண்ணத்தில் பிறந்த ஒன்றைக்கூடச் சந்தை தன் நுகத்தில் பூட்டிவிடுகிறது. ஏழைப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லப் பிறந்த பொம்மை, டிக்கெட் வாங்க முடிந்தவன் பிள்ளையைத்தான் பூங்காவில் கட்டித் தழுவுகிறது. டிக்கெட் வாங்க வகையற்ற பிள்ளை, மதில் சுவருக்கு வெளியே நின்று விளம்பரப் பலகையில் அதன் முகத்தைப் பார்க்கலாம். அதற்கு மட்டும் இன்னும் கட்டணம் இல்லை!

வெள்ளாமை பொய்த்தபோது

2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவிற்று. பூங்காக்களை மூடினார்கள். அந்தச் சமயத்தில் என்ன நடந்தது என்பதைத் தொழிலாளித் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, சீவேர்ல்டு கம்பெனி தன் ஊழியர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. ராட்டினம் ஓட்டியவர்கள், தின்பண்டம் விற்றவர்கள், கூட்டிப் பெருக்கியவர்கள், பொம்மை உடுப்புக்குள் புகுந்து ஆடியவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். செப்டம்பரில் பலருக்கு நிரந்தரமாகவே வேலை இல்லை என்று சொல்லிவிட்டது.

இன்னொரு பக்கம், பொம்மைக்குக் கட்ட வேண்டிய பணத்தையும் நிறுத்தியது. பூங்கா மூடிக் கிடந்தது. கொள்ளைநோய்க் காலத்துக்குப் பணம் எப்படிக் கட்டுவது என்று வாதாடியது. இந்த வாதத்தைக் கேட்டதும் நம் குத்தகை விவசாயிக்குப் பழைய ஞாபகம் வரும். மழை பொய்த்து, பயிர் கருகி, வீட்டில் நெல்மணி இல்லாதபோது குத்தகையைத் தள்ளுபடி செய்யும்படி அவன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். சங்கம் கட்டிப் போராடியும் இருக்கிறான். அவன் கேட்டது நியாயம். அவனிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தக் குத்தகைக்காரனைப் பார்த்து நாம் ஏமாந்துவிடக் கூடாது. இவன் கோவணத்தோடு வரப்பில் நிற்கிற குத்தகைக்காரன் அல்ல. பங்குச் சந்தையில் விலை பேசப்படும் பெரிய கம்பெனி. ஊழியனுக்கும் கொடுக்கவில்லை, ஒப்பந்தக்காரனுக்கும் கொடுக்கவில்லை. மத்தியஸ்தர் இவன் வாதத்தை ஏற்கவில்லை. அது சரியான முடிவுதான். 2022ல் கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் இதே பொம்மைகளை வைத்து இரண்டாவது செசமி பூங்காவையும் இவன் திறந்தான். 2024ல் கம்பெனிக்குப் புதுப் பேரும் வைத்துக்கொண்டான். பேர் மாறலாம், பிழைப்பு மாறவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். நிலச் சொந்தக்காரன் ஒருவன், குத்தகைக்காரன் ஒருவன். இருவரும் வக்கீல் வைத்து வாதாடினார்கள். ஒரு கோடி டாலருக்குக் கணக்குத் தீர்ந்தது. வயலில் இறங்கி வேலை செய்த மூன்றாமவன் எங்கே? அந்த மேஜையில் அவனுக்கு நாற்காலி உண்டா? கிடையாது. பொம்மைக்கு வர வேண்டிய பாக்கி வந்து சேர்ந்தது. பொம்மைக்குள்ளே இருந்தவனின் பட்டினி நாட்களுக்கு யார் பாக்கி தீர்த்தார்கள்?

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்ற பழமொழி அமெரிக்காவுக்கும் பொருந்துகிறது, பாருங்கள்!

உடுப்புக்குள்ளே ஓர் ஆள்

பூங்காவில் பொம்மை தானாக நடப்பதில்லை. உள்ளே ஓர் ஆள் இருக்கிறார். கனத்த தலை, உடம்பு முழுக்க உரோமம், கோடை வெயில். பிள்ளைகள் ஓடிவந்து தொங்குவார்கள். அவர்களை அணைத்துக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது. கூட்டத்தின் நடுவே தலையைக் கழற்றக் கூடாது. பொம்மை நிஜம் என்று பிள்ளை நம்ப வேண்டும். அதற்காக உள்ளே இருக்கும் மனிதர் இல்லாதவர் போல இருக்க வேண்டும்.

இதில் எல்லோருக்கும் பெரிய கம்பெனி டிஸ்னி. அதன் புளோரிடா பூங்காவில் 2001 வரை ஒரு நடைமுறை இருந்தது. கேட்டால் அருவருப்பாக இருக்கும். ஆனால் சொல்லத்தான் வேண்டும். மிக்கி முதலிய பொம்மை உடுப்புப் போடும் தொழிலாளிகள், உள்ளே அணியும் ஜட்டி போன்ற துணிகளைக்கூடக் கம்பெனியிடமிருந்துதான் வாங்கிப் போட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி வெளுத்து, மறுநாள் யாருக்கோ கொடுக்கும். இன்று ஒருவர் போட்டதை நாளை இன்னொருவர் போட வேண்டும். அழுக்கும் நாற்றமும் போகவில்லை, பேனும் சொறியும் ஒட்டிக்கொள்கின்றன என்று தொழிலாளிகள் முறையிட்டார்கள். டீம்ஸ்டர்ஸ் சங்கம் பேச்சுவார்த்தையில் இதை எழுப்பிற்று. ஆளுக்குத் தனித்தனியாகத் துணி, வீட்டுக்கு எடுத்துச் சென்று தானே துவைத்துக்கொள்ளலாம் என்ற உரிமை 2001ல்தான் கிடைத்தது.

உலகத்தின் கோடானுகோடி பிள்ளைகள் கொண்டாடும் பொம்மை! அதற்குள் இருக்கும் மனிதனுக்குத் தனி ஜட்டி கிடைக்கச் சங்கம் வேண்டியிருந்தது!

அதே பூங்காவில் 2004 பிப்ரவரியில், நாய் பொம்மை உடுப்பு அணிந்திருந்த ஒரு தொழிலாளி ஊர்வல வண்டியின் அடியில் சிக்கி உயிரிழந்தார். தொழிலாளர் பாதுகாப்பு இலாகா கம்பெனிக்கு விதித்த அபராதம் 6,300 டாலர். ஒரு பக்கம், பொம்மையின் முகத்துக்கு ஒரு கோடி. இன்னொரு பக்கம், பொம்மைக்குள் போன உயிருக்கு ஆறாயிரத்து முந்நூறு. முதலாளித்துவத்தின் தராசு இதுதான்.

ஆனால் தொழிலாளி எப்போதும் வாய் திறக்காத பொம்மையாகவே இருந்துவிடுவதில்லை. கலிபோர்னியாவில் இருக்கும் டிஸ்னிலாந்தில், பொம்மை உடுப்பில் வருகிறவர்களும் ஊர்வலத்தில் ஆடுகிறவர்களுமாகச் சுமார் 1,700 பேர். பூங்காவின் மற்றத் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குச் சங்கம் இருந்தது. இவர்களுக்கு மட்டும் இல்லை. 2024 மே மாதத்தில் வாக்கெடுப்பு நடந்தது. சங்கம் வேண்டும் என்று 953 பேர், வேண்டாம் என்று 258 பேர். நடிகர்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். பொம்மை பேசக் கூடாது என்பது கம்பெனியின் விதி. உள்ளே இருந்தவர்கள் பேசிவிட்டார்கள்! அந்தத் தோழர்களுக்கு நம் வாழ்த்துக்கள்.

ஓர் ஆட்சேபம்

‘செசமி வொர்க்‌ஷாப் லாபத்துக்கு நடக்கும் கம்பெனி அல்லவே! பூங்காவில் வரும் ராயல்டியைக் கொண்டுதானே பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி தயாரிக்கிறார்கள்? அதைக் குறை சொல்லலாமா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

வாஸ்தவம். அந்த ஸ்தாபனத்தையும் பிளாக்ஸ்டோனையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. பொம்மை வாடகை எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனால் நல்லதே. ஆனால் அந்த ஸ்தாபனத்துக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். பணத் தட்டுப்பாட்டால் 2015ல் எச்.பி.ஓ. கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2016 ஜனவரியிலிருந்து புதிய பகுதிகள் முதலில் பணம் கட்டுகிறவர்களுக்கு. ஒன்பது மாதம் கழித்துத்தான் இலவசப் பொது ஒளிபரப்பில். ஏழைப் பிள்ளைக்காகப் பிறந்த பாடம் ஏழைப் பிள்ளைக்கு ஒன்பது மாதம் பிந்தி வந்தது! பந்தியில் பரிமாறி முடித்த பிறகு வாசலில் போடும் சோறு மாதிரி. 2025ல் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனியோடு செய்த புது ஒப்பந்தத்தில், பொது ஒளிபரப்பிலும் அதே நாளில் என்று ஏற்பாடாகியிருக்கிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் ஏழைப் பிள்ளையின் பாடம் ஒரு கம்பெனியின் தயவில் தொங்குவது தர்மமா?

அதே 2025 ஜூலையில் அமெரிக்க காங்கிரஸ் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை ரத்துச் செய்தது. சர்க்கார் கையை உதறினால், நல்ல ஸ்தாபனமும் சந்தையிடம்தான் கையேந்த வேண்டும். நாளைக்கு எந்தப் பொம்மை அதிகம் விற்கிறதோ அதற்குத்தான் நிகழ்ச்சியில் அதிக இடம். எது எழுத்துச் சொல்லும் என்ற கேள்வி போய், எது பனியனில் விற்கும் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. லாபமில்லாத ஸ்தாபனம் என்றால் அங்கே தொழிலாளிக்கு வழக்கே இல்லையா? 2024 ஏப்ரலில் அந்த நிகழ்ச்சியின் எழுத்தாளர்கள் 35 பேர் ஒருமனதாக வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தார்கள். அதன் பிறகே உடன்பாடு வந்தது. 2025 மார்ச்சில் அங்குள்ள ஊழியர்கள் சங்கம் அமைக்கப் போவதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு வந்த கையோடு, ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிற்று. ஒளிபரப்பு உலகின் நெருக்கடி, சர்க்கார் உதவி குறைவு என்று காரணம் சொன்னார்கள். நெருக்கடி இருக்கலாம். ஆனால் நெருக்கடி வரும்போதெல்லாம் முதல் வெட்டு எங்கே விழுகிறது? பொம்மையின் வாடகையிலா? இல்லை, ஊழியனின் வயிற்றில்.

நாம் கேட்பது

பொழுதுபோக்கே கூடாது, ராட்டினமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளியின் பிள்ளைக்கும் ராட்டினம் வேண்டும். விளையாட்டும் சிரிப்பும் முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எழுதிவைத்த ஆஸ்தி அல்ல. கலைஞனுக்குத் தன் படைப்பின்மேல் உரிமை இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. அந்த உரிமை கலைஞன் கையிலிருந்து நழுவி, பங்குச் சந்தைக்காரன் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எல்லோரிடமும் சுங்கம் வசூலிக்கிறதே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

நாம் சொல்வது மூன்று. ஜனங்களின் பணத்தில் பிறந்த படைப்பு ஜனங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதைச் சர்க்கார் தாங்க வேண்டும். சந்தைக்குத் துரத்தக் கூடாது. அப்படிப்பட்ட படைப்பைப் பூங்காக்காரன் குத்தகைக்கு எடுத்தால், ராயல்டி ஷரத்துக்கு முன்னால் தொழிலாளி ஷரத்து எழுதப்பட வேண்டும்: சங்கம் வைக்கும் உரிமை, கௌரவமான கூலி, வெயிலில் ஓய்வு, பூங்கா மூடினால் ஜீவனம். பொம்மையின் உரோமம் என்ன நிறம், கண் எவ்வளவு பெரிது என்றெல்லாம் நிபந்தனை போடத் தெரிந்தவர்களுக்கு, உள்ளே இருக்கும் மனிதனுக்காக நாலு வரி எழுதத் தெரியாதா? மூன்றாவது, ஏழைப் பிள்ளைக்கு அந்தப் பூங்காவின் வாசல் திறந்திருக்க வேண்டும். யார் பேரைச் சொல்லி அந்தப் பொம்மை பிறந்ததோ, அவன் வாசலில் நிற்கக் கூடாது.

இது அமெரிக்கத் தொழிலாளியின் போராட்டம் மட்டும் அல்ல. செசமி ஸ்ட்ரீட்டின் இந்தியப் பதிப்பு 2006ல் ‘கலி கலி சிம் சிம்’ என்ற பேரில் நம் தேசத்திலும் வந்தது, தூர்தர்ஷனிலும் ஒளிபரப்பாயிற்று. இன்றைக்கு நம் பிள்ளை புத்தகப் பை வாங்கப் போனால், டெலிவிஷன் பொம்மை போட்ட பைதான் வேண்டும் என்று அழுகிறது. கம்பெனி அனுமதி பெற்ற பையானால், அதன் விலைக்குள்ளே அந்தப் பொம்மைக்குக் கட்டிய குத்தகையும் ஒளிந்திருக்கிறது. தைத்த தொழிலாளியின் கூலி எவ்வளவு, பொம்மை முகத்தின் கூலி எவ்வளவு என்று அடுத்த முறை கடையில் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள்.

பிள்ளையை அடிக்காதீர்கள். பிள்ளையின் ஆசையில் குற்றம் இல்லை. ஆசைக்குச் சுங்கச் சாவடி போட்டவன்மேல்தான் குற்றம்.

வயலில் நெல் விளைவது எப்படியோ அப்படியே, பொம்மைக்கு உயிர் வருவதும் மனித உழைப்பால்தான். உள்ளே ஓர் ஆள் இருக்கிறார். அவர் வெளியே வந்துவிட்டால் பொம்மை சரிந்து விழும்; கோடி டாலர் லைசென்ஸும் அதோடு சரிந்து விழும். டிஸ்னிலாந்துத் தோழர்கள் 953 பேர் இதைத் தெரிந்துகொண்டார்கள். தறியில் நிற்கும் நமக்கும், வயலில் நிற்கும் நமக்கும் இது தெரியாத சங்கதி அல்லவே!